பூண்டு வைத்த கை

பள்ளிக்கூட ஜன்னலில் ஐந்து காகிதம் கேட்டார்கள். பிள்ளை பிறந்ததற்கு ஒன்று. பிறந்தபின் போட்ட ஊசிகளுக்கு ஒன்று. பெற்றவர்கள் யார் என்பதற்கு ஒன்று. இந்த ஊரில்தான் குடியிருக்கிறோம் என்பதற்குக் கரண்டு பில். பிள்ளையின் அம்மா பெர்லிட்டா இந்த நாலையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு, டப்பாவை மடியில் வைத்துக் காத்திருந்தாள். ஐந்தாவது, பிள்ளைக்குக் காசநோய் இல்லை என்று ஆஸ்பத்திரியில் எழுதி வாங்கி வருகிற காகிதம். இருப்பதை எழுதிக் கொடுக்க உலகத்தில் ஆயிரம் பேர் உண்டு. இல்லாததை எழுதி வாங்கத்தான் வரிசையில் நிற்கவேண்டும்.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாள் எங்களை நிமிர்ந்து பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமை நாலு மணி என்று மேஜையிடம் சொன்னாள். அதற்குள் காகிதம் வராவிட்டால் பட்டியலில் அடுத்த பிள்ளைக்கு இடம் போய்விடும். நான் அதை எங்கள் ஊர்ப் பேச்சான இலோகானோவில் பெர்லிட்டாவுக்குச் சொன்னேன். என்னைக் கூட்டிப்போனதே அதற்குத்தான். டெலானோவில் திராட்சை பறிக்கிற எங்கள் ஆட்களில் இங்கிலீஷ் நன்றாகத் தெரிந்தவன் மார்செலோ என்று ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்ட மார்செலோ நான்தான்.

ஜோவெலினுக்கு ஐந்து வயது. கடலுக்கு அந்தப் பக்கம் எங்கள் ஊரில், சித்தி வீட்டில் விட்டுவைத்திருந்த பிள்ளையை அந்த மார்ச் மாதம்தான் அழைத்து வந்திருந்தார்கள். அப்பன் அம்ப்ரோசியோ, எல்லோருக்கும் ப்ரோசி. வாரத்துக்கு நாலு வார்த்தை பேசுவான்; அதில் இரண்டு, "சரி மனோங்." மனோங் என்றால் எங்களில் அண்ணன். வயதுக்குக் கிடைத்த மரியாதை. வேறு எதற்கும் இல்லை.

எங்கள் தோட்டத்தில் மூன்று பேர் ஒரு செட்டு. இரண்டு பேர் கொடிக்கு அடியில் குனிந்து பறிப்பார்கள். ஒருவர் வரிசையின் வாயில் குடையை நட்டு, அதன் கீழே நின்று குலையைத் திருத்திப் பெட்டியில் அடுக்குவார். ப்ரோசியும் நானும் பறிப்பவர்கள், பெர்லிட்டா அடுக்குபவள். அவள் அடுக்கின பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் ஒரு பழம் உதிராது. பறிக்க யார் வேண்டுமானாலும் வரலாம். குரங்குகூட பறிக்கும், நானே பறிக்கிறேன். அடுக்கக் கை வேண்டும். அடுக்குகிறவள் வராவிட்டால் செட்டு கலைந்தது, எங்கள் வரிசை வேறு மூன்று பேருக்குப் போனது.

தோட்டத்து ஆட்களின் பிள்ளைகளை அந்தப் பள்ளியில் விடியற்காலை ஐந்து மணிக்கே வாங்கி வைத்துக்கொள்வார்கள். சேர்ந்த பிள்ளையை மட்டும். அதுவரை பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு சோலெங் அக்கா, ஞாயிற்றுக்கிழமை மகள் வீட்டுக்கு ஸ்டாக்டன் போகிறாள். மழைக்காலம் வரை திரும்பமாட்டாள். ஆகவே ஜோவெலினுக்குப் பள்ளி இல்லையென்றால் திங்கட்கிழமை முதல் பெர்லிட்டாவுக்கு வேலை இல்லை. ஆகஸ்ட் மாதக் கடைசி, அறுவடை உச்சத்தில் இருந்தது.

ஜன்னல் அம்மாளிடம் இதையெல்லாம் சொல்லிப் பார்த்தேன். அவள் மேஜைக்கு வெள்ளிக்கிழமை நாலு மணி என்பதை மறுபடி ஞாபகப்படுத்தினாள்.

அன்றே, திங்கட்கிழமை சாயங்காலம், அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஒரு இளைஞன், காதில் கம்மல், கையில் அவசரம். பிள்ளையின் வலது கையைத் திருப்பி, முழங்கைக்குக் கீழே உட்புறத்தில், தோலுக்கு அடியில் ஊசியைச் செருகினான். கொசு கடித்த மாதிரி ஒரு குமிழ் எழும்பி, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அமுங்கியது. தொடாதே, மூடாதே, புதன்கிழமை வா, வீங்கியிருக்கிறதா என்று பார்ப்போம் என்றான். நான் ஒரு வார்த்தை தவறாமல் மொழிபெயர்த்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். மொழிபெயர்த்தவன் விளக்கமும் சொன்னேன்.

எங்கள் ஊரில் முதல் வகுப்பில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தித் தோளில் காசநோய்க்கு ஊசி போடுவார்கள். அது சிவக்கும், வீங்கும், பழுக்கும், ஆறித் தழும்பாகும். தழும்பு விழுந்தால் மருந்து பிடித்தது என்று கணக்கு. விழாத பிள்ளைக்கு இன்னொரு ஊசி. வாத்தியார் சட்டைக் கையைத் தூக்கித் தழும்பைப் பார்த்துவிட்டுத்தான் பெஞ்சில் உட்காரவிடுவார். எனக்கு முதல் ஊசி பிடிக்கவில்லை. இரண்டாவது போட்டார்கள், இன்றும் இரண்டு தோளிலும் தடவிப் பார்த்தால் தெரியும். போதாததற்கு லாவோக்கில் மருந்தாளர் படிப்பு எட்டு மாதம் படித்திருக்கிறேன். இங்கே எல்லோரிடமும் அதை இரண்டு வருஷம் என்று சொல்லி வைத்திருந்தேன்.

ஆகவே பெர்லிட்டாவிடம் தெளிவாகச் சொன்னேன். வீங்கினால் பள்ளிக்கூடம், வீங்காவிட்டால் மறுபடி ஊசி.

செவ்வாய்க்கிழமை தோட்டத்தில் வெயில் நூற்றி ஆறு. கொடிக்கு அடியில் காற்று நுழையாது. கந்தகத் தூள் மூக்கில் ஏறி, பழத்தைப் பறிக்கிறோமா தும்மலைப் பறிக்கிறோமா என்று தெரியாது. சாப்பாட்டு வேளைக்கு மூவரும் காலிப் பெட்டிகளைக் கவிழ்த்து உட்கார்ந்தோம். சோறு, பொரித்த கருவாடு, மீன் ஊறலில் வெந்த முருங்கைக்கீரை. பெர்லிட்டா சாப்பிடவில்லை. காலையில் பிள்ளையை விடும்போது கையைப் பார்த்தாளாம். பலகை மாதிரி இருக்கிறதாம்.

"ஒண்ணுமே இல்ல மனோங். ஊசி போட்ட எடமே தெரியல."

"சிவப்பு?"

"இல்ல."

"தடவிப் பாத்தியா? தடிப்பு?"

"எண்ணெய் தேச்ச மாதிரி வழவழன்னு இருக்கு."

நான் தலையை ஆட்டினேன். ஆட்டின விதத்தில் எட்டு மாதப் படிப்பும் தெரிந்திருக்கும். மருந்து பிடிக்கவில்லை, ஆடிங், என்றேன். தங்கச்சி என்று சொல்லிக்கொண்டே தங்கச்சியின் தலையில் கல்லைப் போட்டேன். நாளைக்குப் பார்த்துவிட்டு மறுபடி ஊசி போடுவார்கள், மறுபடி இரண்டு நாள், அதற்கும் வீங்காவிட்டால் வெள்ளிக்கிழமை போச்சு.

ப்ரோசி கருவாட்டின் முள்ளை எடுத்துக்கொண்டே சொன்னான். "தொடாதன்னு அந்தப் பையன் சொன்னானே."

அந்த வாரத்தின் நாலு வார்த்தையும் அதில் முடிந்தது. உருப்படியான வார்த்தையும் அது ஒன்றுதான். நான் அவனைப் பார்த்துச் சிரித்தேன். அவன் மூன்றாம் வகுப்பு.

சாயங்காலம் அவர்கள் வீட்டுச் சமையலறையில் வைத்தியம் நடந்தது. இந்த ஊர்ப் பூண்டு குண்டாக, வெள்ளையாக, வெள்ளைக்காரக் குழந்தை மாதிரி இருக்கும், வெறும் தண்ணீர். எங்கள் இலோகோஸ் பூண்டு சுண்டுவிரல் நகம் அளவுதான், நாக்கில் வைத்தால் கண்ணில் தண்ணீர் வரும். பெர்லிட்டாவின் அம்மா தபாலில் அனுப்பின ஒரு கொத்து ஜன்னலில் தொங்கியது. நாலு பல்லை உரித்து நசுக்கி, துணியில் வைத்து, ஊசி போட்ட இடத்தில் கட்டினேன். எரியுது மாமா என்று ஜோவெலின் அழுதாள். எரிந்தால்தான் பள்ளிக்கூடம் என்றேன். அவள் அழுகையை நிறுத்த நரியும் ஆமையும் கதை சொன்னேன். கதை நீளமாகிவிட்டது. கட்டை அவிழ்க்கத் தாமதமாகிவிட்டது.

புதன்கிழமை விடியலில் போய்ப் பார்த்தபோது கால் டாலர் காசு அளவில் கொப்புளம். உள்ளே நீர், சுற்றிலும் சிவப்பு. என் வாழ்நாளில் ஒரு கொப்புளத்தைப் பார்த்து அவ்வளவு பெருமைப்பட்டதில்லை. சோலெங் அக்காவும் வந்து பார்த்தாள். நான் கையைத் தூக்கிக் காட்டினேன், ஏதோ என் பிள்ளை பரிசு வாங்கின மாதிரி.

அன்று மூன்றே காலுக்கு ஆஸ்பத்திரியில் கம்மல் பையன் இல்லை. மிஸஸ் எஸ்கலாந்தே இருந்தாள். மணிலாக்காரி. வெள்ளைக் காலணி, வெள்ளைச் சட்டை, கழுத்தில் மெல்லிய தங்கச் சங்கிலி, அறை முழுக்க வாசனைத் தண்ணீர். இந்த மாதிரி நர்ஸ்களை எங்களுக்குத் தெரியும். தேவாலயத்தில் முன்வரிசை. சமாதானம் சொல்லிக் கைகுலுக்கும்போது எங்களுக்கு விரல்நுனி மட்டும் கிடைக்கும். நகத்தில் திராட்சைச் சாறு கறுத்த கைகளைப் பார்த்தால் அவர்களுக்குத் தங்கள் தாத்தாவின் ஞாபகம் வருகிறது, அது பிடிப்பதில்லை. மணிலாப் பேச்சான தகாலோக்கில் உட்காரச் சொன்னாள். இலோகானோவில் நான் வணக்கம் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பெர்லிட்டா பிள்ளையின் கையை மேஜைமேல் வைத்தாள். "நல்லா வந்திருக்கா மேடம்?"

மிஸஸ் எஸ்கலாந்தே கையைப் பார்த்தாள். பெர்லிட்டாவின் சிரிப்பைப் பார்த்தாள். சின்ன அளவுகோலை எடுத்தவள் திருப்பி வைத்துவிட்டாள்.

"வீங்கினா நல்லதுன்னு யாரும்மா சொன்னது?"

பெர்லிட்டா என்னைப் பார்க்கவில்லை. அது எனக்கு அப்போது நிம்மதியாக இருந்தது, இப்போது இல்லை.

நர்ஸ் விளக்கினாள். இது தடுப்பூசி இல்லை, வேவு ஊசி. உடம்புக்குள் கிருமி இருந்தால்தான் வீங்கும். இல்லாத பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது, தோல் பலகை மாதிரி இருக்கும். இதை இப்படியே எழுதினால் பிள்ளைக்கு நெஞ்சுப் படம் எடுக்கணும், வீட்டில் இருக்கிற எல்லோருக்கும் ஊசி, கூட வேலை செய்கிறவர்களின் பெயர்ப் பட்டியல், பிள்ளைக்கு ஒன்பது மாதம் தினமும் மாத்திரை. பள்ளிக்கூடம் எல்லாம் படம் வந்தபிறகு, அடுத்த வாரமோ அதற்கடுத்ததோ.

பெர்லிட்டாவின் முகம் பெட்டியில் பழத்துக்கு மேல் கடைசியாக வைக்கிற காகிதம் மாதிரி வெளுத்தது. டப்பாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ப்ரோசி எழுந்து நின்றான், எங்கே போவது என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தான்.

மிஸஸ் எஸ்கலாந்தே குனிந்து கொப்புளத்தை மோந்தாள்.

"பூண்டு. இதுல யாரோ பூண்டு வெச்சிருக்கீங்க. யாரு?"

அறையின் கூரையில் சதுரம் சதுரமாகப் பலகை பதித்திருந்தார்கள். நான் எண்ணினேன். நீளவாக்கில் பதினொன்று. வாயைத் திறந்தால் எட்டு மாதம், இரண்டு வருஷம், இங்கிலீஷ், எல்லாம் ஒரே வாக்கியத்தில் போய்விடும். அதுவும் இந்த மணிலாக்காரி முன்னால். அகலவாக்கில் எட்டு.

"நான்தான் வெச்சேன் மேடம்" என்றாள் பெர்லிட்டா.

"பெத்தவ நீயேவா? அஞ்சு வயசுப் பிள்ளைத் தோல வேக வெச்சிருக்க. இதுக்கு நான் போலீசுக்கு எழுதணும், தெரியுமா? பிள்ளையத் தூக்கிட்டுப் போயிடுவாங்க."

பெர்லிட்டா அதற்கும் தலையாட்டினாள். நர்ஸ் பேனாவை எடுத்தாள். எனக்கு வீரம் வந்ததென்று நினைக்கவேண்டாம். ஜோவெலின்தான் என்னை நிமிர்ந்து பார்த்தாள், நரிக்கு அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்கிற மாதிரி. அந்தப் பார்வையை வைத்துக்கொண்டு கூரையை எண்ண முடியவில்லை.

"நான் வெச்சது" என்றேன். "அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. நான் சொல்லி, நானே நசுக்கி, நானே கட்டினேன்."

"நீங்க யாரு? பிள்ளைக்குத் தாத்தாவா?"

"கூட வேலை செய்யறவன்."

"என்ன படிச்சிருக்கீங்க?"

"மருந்தாளர் படிப்பு மேடம். எட்டு மாசம்."

ப்ரோசி திரும்பி என்னைப் பார்த்தான். இரண்டு வருஷம் எட்டு மாதமாகச் சுருங்கியதை அவன் கவனித்துவிட்டான்.

"மிச்சத்தையும் படிச்சிருந்தா பிள்ளைய வறுத்தே எடுத்திருப்பீங்க" என்றாள் மிஸஸ் எஸ்கலாந்தே. "இலோகானோக்காரங்க கஞ்சங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். பூண்டுல மட்டும் தாராளம் போலிருக்கு. ஊர்ல மாட்டுக்கு வைத்தியம் பாத்தீங்களா, மனுஷனுக்கா?"

"ரெண்டுக்கும் இல்ல மேடம். இதான் மொத நோயாளி."

அவள் சிரிக்கவில்லை. ஆனால் பேனாவைக் கீழே வைத்தாள். போலீசுக்கு எழுதுவதற்குப் பதில் புண்ணுக்கு மருந்து தடவிக் கட்டினாள். அந்தக் கையை வைத்து இனி எதையும் கண்டுபிடிக்க முடியாது என்றாள். ஜோவெலினின் இடது கையைத் திருப்பி, கம்மல் பையனைவிட மென்மையாக, புது ஊசி போட்டாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து மூன்று நாற்பது என்று எழுதினாள். வெள்ளிக்கிழமை மூன்று நாற்பதுக்கு நாற்பத்தெட்டு மணி நேரம். ஒரு நிமிஷம் முன்னால் பார்க்கமாட்டேன் என்றாள். பள்ளிக்கூடம் நாலு மணிக்கு மூடும் என்று பெர்லிட்டா சொன்னாள். அது பள்ளிக்கூடத்தின் கவலை என்றாள் நர்ஸ். ஊசி போட்ட அவள் கை மட்டும் ஜோவெலினின் தலையை ஒரு தரம் தடவியது. நான் பார்த்ததை அவள் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து பெர்லிட்டா என்னோடு பேசவில்லை. பெட்டி அடுக்கும்போது குலையில் அழுகல் இருந்தால் எடுத்து என் காலடியில் போடுவாள். அது ஒருவகைப் பேச்சு.

வியாழக்கிழமை ஊர் பேசியது. சோலெங் அக்கா காலையில் பார்த்த கொப்புளத்தையும், மாலையில் பார்த்த கட்டையும், இன்னொரு கையில் புது ஊசியையும் கூட்டிக் கழித்து, பிள்ளைக்கு நெஞ்சுநோய் என்று விடை கண்டிருந்தாள். எங்களில் யாரும் அந்த நோயின் பேரைச் சொல்வதில்லை, பலவீனமான நெஞ்சு என்போம், ஏதோ பிள்ளை சரியாகச் சாப்பிடாததால் வந்தது போல. தோட்டத்தில் தண்ணீர் குடிக்கப் போனோம். எங்களுக்கு அடுத்து வந்தவள் தலைத்துண்டின் நுனியால் குழாயைத் துடைத்தாள். அதற்கடுத்தவன் துடைத்ததையும் துடைத்தான். மேஸ்திரி பாண்டோய் எங்களைக் கடைசி வரிசைக்கு மாற்றினான். டிராக்டர் புழுதி விழுகிற ஓரம், பழம் சுண்டைக்காய்.

இந்தக் கூட்டத்தில் யார் வீட்டில் இருமல் இல்லாமல் இருந்தது? பாண்டோயின் அப்பா காற்று மாறுதலுக்கு மலைக்குப் போனவர், போனவர்தான். குழாயைத் துடைத்தவளின் மாமியார் தனித் தட்டில் சாப்பிட்டுச் செத்தாள். அந்தத் தட்டைப் புதைத்த இடம்கூட எனக்குத் தெரியும். இவர்கள் ஒரு பிள்ளையின் முழங்கையைப் பார்த்து மூக்கைப் பொத்துகிறார்கள். சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. ஆனால் அந்தக் கொப்புளத்தை வீடுவீடாகக் காட்டாத குறையாகத் தூக்கிப் பிடித்தவன் யார்? வாயை மூடிக்கொண்டு சுண்டைக்காய் பறித்தேன்.

வெள்ளிக்கிழமை இரண்டரைக்கு வேலை முடியவேண்டும். லாரி வருகிறது, இன்னும் இரண்டு மணி நேரம் நில்லுங்கள் என்றான் பாண்டோய். பெர்லிட்டா குடையை மடக்கினாள். அவன் வேகமாக வந்தான். மானாங் என்று அக்கா முறை வைத்துத்தான் கூப்பிட்டான்.

"மானாங், எங்க கெளம்பிட்டீங்க?"

"பிள்ளைக்குக் காயிதம் வாங்க."

"லாரி வருது."

"வரட்டும். ஓட்டுறவன் அடுக்கிக்கட்டும்."

"இப்பப் போனா திங்கக்கிழமை இந்த வரிசை உங்களுக்கு இல்ல, சொல்லிட்டேன்."

பெர்லிட்டா கடைசிப் பெட்டியைத் தூக்கி அவன் கையில் கொடுத்தாள். "இந்த வரிசையா? இத நீயே வெச்சுக்க. பழைய வரிசைக்கு வர்றோம்."

அவன் பெட்டியோடு நின்றான். கீழே வைக்கவும் தோன்றவில்லை. இந்தத் தோட்டத்தில் அவளுக்கு அடுத்து அடுக்கத் தெரிந்தவள் பாண்டோயின் மனைவி; அவளை அடுக்கச் சொல்ல அவனுக்குத் தைரியம் கிடையாது.

சோலெங் அக்காவிடமிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டு மூன்றரைக்கு ஆஸ்பத்திரியில் இருந்தோம். மிஸஸ் எஸ்கலாந்தே கதவைத் திறந்து எங்களைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், கதவைச் சாத்தினாள். பத்து நிமிஷம். ப்ரோசி வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். மூன்று நாற்பதுக்குக் கூப்பிட்டாள். இடது கையைத் திருப்பி, விரலால் தடவினாள். பேனாவைத் தோலின்மேல் நாலு பக்கத்திலிருந்தும் மெல்ல இழுத்துவந்தாள். தடிப்பு இருந்தால் பேனா தடுக்கி நிற்குமாம். பேனா எங்கும் நிற்கவில்லை. குறுக்கும் நெடுக்கும் நாலு கோடு, நடுவில் ஒன்றும் இல்லை.

எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, காகிதத்தை பெர்லிட்டாவிடம் கொடுத்தாள். என்னைப் பார்த்து, போகிற வழியில் எங்கும் வைத்தியம் பார்க்கவேண்டாம் என்றாள். இதை இலோகானோவில் சொன்னாள். சுத்தமான பகாரா ஊர் இலோகானோ, எங்கள் ஊர்ச் சந்தையில் காய் விற்கிறவள் பேசுகிற மாதிரி. நான் திறந்த வாயை மூடுவதற்குள் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிட்டாள்.

ப்ரோசி ஓட்டின வண்டியில் ஜோவெலின் இரண்டு தரம் இருக்கையிலிருந்து எகிறினாள், இரண்டு தரமும் சிரித்தாள். பள்ளிக்கூட ஜன்னலுக்கு வந்தபோது நாலாக மூன்று நிமிஷம். அந்த அம்மாள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தாள். பெர்லிட்டா காகிதத்தை நீட்டினாள். அவள் அதை வாங்கி, பார்க்காமலே, ஒரு தட்டில் போட்டாள். தட்டில் அதைப் போல நூறு காகிதம் கிடந்தது.

"திங்கட்கிழமை காலை ஐந்து மணி" என்று தட்டிடம் சொன்னாள்.

அவ்வளவுதான். ப்ரோசி கிளம்பத் திரும்பினான். பெர்லிட்டா நகரவில்லை. இரண்டு நாளுக்குப் பிறகு என்னிடம் முதல் வார்த்தை பேசினாள்.

"படிக்கச் சொல்லுங்க."

"எடம் குடுத்துட்டாங்க ஆடிங். போதும்."

"அதுல என்ன எழுதியிருக்குன்னு அவங்க வாயால படிக்கச் சொல்லுங்க."

சொன்னேன். ஜன்னல் அம்மாள் முதல் தடவையாக எங்களை நிமிர்ந்து பார்த்தாள். பெர்லிட்டா ஜன்னல் விளிம்பில் இரண்டு கையையும் ஊன்றி நின்றாள், நகத்தில் திராட்சைச் சாறு கறுத்திருந்தது. அந்தக் கைகள் அங்கிருந்து நகரப்போவதில்லை என்று அந்த அம்மாளுக்கே தோன்றியிருக்கவேண்டும். காகிதத்தைத் தட்டிலிருந்து எடுத்தாள். பிள்ளையின் பெயரைத் தப்பாகப் படித்தாள். பெர்லிட்டா திருத்தினாள். மறுபடி சரியாகப் படித்தாள். பிறகு, "வீக்கம், பூஜ்யம் மில்லிமீட்டர்" என்றாள்.

பெர்லிட்டா தலையாட்டினாள். பூஜ்யம் என்ற சொல் அவளுக்கு இங்கிலீஷிலும் தெரியும்.

அப்போதுதான் அந்த அம்மாள் ஜோவெலினின் வலது கையில் இருந்த கட்டைப் பார்த்தாள். அது என்ன என்று கேட்டாள். பெர்லிட்டா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு இலோகானோவில் சொன்னாள்.

"படிச்சவன் ஒருத்தன் கடிச்சிட்டான்னு சொல்லுங்க."

என்ன சொல்கிறாள் என்று அந்த அம்மாள் என்னைக் கேட்டாள். கொசு என்று சொல்லியிருக்கலாம். நாய் என்றும் சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தேன். விட்டுப்போனது போலத் தெரிந்ததால் முட்டாள் என்று ஒரு வார்த்தை நானே சேர்த்துக்கொண்டேன். சொல்லி முடிப்பதற்குள் மணி நாலாகி, அந்த அம்மாள் ஜன்னல் கண்ணாடியைச் சாத்திவிட்டாள்.

பரவாயில்லை. பெர்லிட்டா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.